லேபிள் சரி... சரக்கு?

சமையலறையில் 'சர்க்கரை - ஒரு கிலோ' என்று லேபிள் ஒட்டிய டப்பா இருக்கிறதல்லவா? கம்ப்யூட்டர் பாஷையில் அந்த லேபிள்தான் டைப். உள்ளே கொட்டுகிற சர்க்கரை, மதிப்பு. 'ஏடா' போன்ற மொழிகளில், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் லேபிள்களைச் சரிபார்த்துவிடும். எவ்வளவு கொட்டப்போகிறீர்கள் என்பது அதற்கென்ன தெரியும்?

1996 ஜூன் 4. தென் அமெரிக்கா, பிரெஞ்சு கயானா. ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், நான்கு செயற்கைக்கோள்களோடு முதல்முறையாகக் கிளம்பியது. நாற்பதே விநாடி... வெடித்துச் சிதறியது!

விசாரித்தார்கள். ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்துவந்த ஏடா புரோகிராம். அதில், பக்கவாட்டு வேகம் சம்பந்தப்பட்ட ஓர் எண்ணை 64 பிட் டப்பாவிலிருந்து 16 பிட் டப்பாவுக்கு மாற்ற வேண்டும். சின்ன டப்பாவில் 32,767 வரைதான் கொள்ளும். புது ராக்கெட் வேகமான ஆசாமி, எண் வழிந்துவிட்டது. ஆபத்துக்கு உதவ வைத்திருந்த இன்னொரு கம்ப்யூட்டரிலும் அதே புரோகிராம். அதுவும் அவுட்!

கம்பைலரைத் திட்டாதீர்கள். லேபிளெல்லாம் சரிதான். 'சர்க்கரை எவ்வளவு வரும்?' என்று மனிதர்கள்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவும் செய்தார்கள். ஏழு எண்களில் நாலுக்குக் காவல் போட்டுவிட்டு, மூன்றை 'இதெல்லாம் தாண்டாது' என்று விட்டுவிட்டார்கள்.

பழைய ராக்கெட்டுக்கு அது உண்மைதான்!