நன்னன் நாட்டு மீன் சோறு

திருவண்ணாமலைக்காரன்னு சொன்னாலே, "உங்க ஊர்ல மீனெல்லாம் கிடைக்குமா?"ன்னு கேட்பாங்க. கோயில் ஊர், கடலும் பக்கத்தில் இல்லை. நானும் சிரிச்சுட்டு விட்டுடுவேன், மலைபடுகடாம் படிக்கிற வரைக்கும்.

பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். தலைவன், நம்ம பக்கத்துச் செங்கத்தை ஆண்ட நன்னன். உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை அச்சிட்டார்.

நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர் கூட்டத்துக்கு, வழியில் எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும்னு புலவர் சொல்லிட்டே வர்றார். மலையில் இறைச்சியும் தினைச் சோறும். வயற்பக்கம் இறங்கினா மீன்!

வலைக்காரர் கொண்டு வந்த வாளை, தூண்டிலில் மாட்டின வரால். வரால் ஒவ்வொன்றும் பெண் யானையின் தும்பிக்கை மாதிரியாம். வெட்டின துண்டம் துடிப் பறையின் முகம் மாதிரி வட்டம். உழவர் தரும் சோறு, கூடவே கள். இடம் நெற்களம், நேரம் இளவெயில் காலை. அந்த வரிகளில் மசாலா பேச்சே இல்லை. மிளகாய் போர்த்துக்கீசியரோடு வந்தது, ரொம்பப் பிந்தி.

வந்தவங்க எத்தனை பேர்னு யாரும் கேட்கலை, கவனிச்சீங்களா? மீன் ஒருத்தர், சோறு ஒருத்தர்னு ஆளுக்கொன்று தந்தாங்க. எந்த வீட்டுக்கும் பாரமில்லை. அதுவும் ஒரு களத்தில் இல்லை, களத்துக்குக் களம்!

1958-ல் முடிஞ்ச சாத்தனூர் அணைப் பக்கம் மீன் வறுவல் வாசனை வந்தா, இப்பல்லாம் எனக்கு அந்தக் கூத்தர்கள் ஞாபகம்தான். இனிமே யாராவது கேட்டா, பதில் ரெடி :)