வால்நட் என்ற பெயரில் விற்ற வாகை

வெற்றி பெற்றவரை 'வாகை சூடினார்' என்கிறோம். போரில் வென்றவர்கள் வாகைப் பூவைச் சூடியது பண்டைத் தமிழர் மரபு. தொல்காப்பியத்தில் ஒரு திணையின் பெயரே வாகை. இத்தகைய பெருமை வாய்ந்த மரத்துக்கு இலண்டன் மரச் சந்தையில் வேறொரு பெயர் இருந்தது: 'கிழக்கிந்திய வால்நட்'.

வாகைக்கும் வால்நட்டுக்கும் என்ன உறவு? தாவரவியல்படி எந்த உறவும் இல்லை. வாகை, புளியும் அவரையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. காஷ்மீரில் அக்ரூட் கொட்டை தரும் வால்நட் மரமோ முற்றிலும் வேறு குடும்பம். பின் ஏன் இந்தப் பெயர்? விடை காண ஐரோப்பிய வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் வால்நட் மேசை நாற்காலிகளுக்கே மதிப்பு. 1709-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் அம்மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. 1720-இல் பிரான்சு வால்நட் மர ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மேசை நாற்காலி செய்வோர் மகோகனியை நாடினர். ஆனால் துப்பாக்கிக் கட்டை செய்வோர் வால்நட்டை விடவில்லை. முதல் உலகப் போரில் விமானச் சுழலிகள் செய்யவும் அது பயன்பட்டது.

இதற்குக் காரணம் அழகு மட்டுமன்று. பச்சை மரத்தில் செல்களின் உட்குழியிலும் சுவர்களிலும் நீர் இருக்கும். உலரும்போது முதலில் உட்குழி நீர் வெளியேறும். அப்போது மரம் சுருங்குவதில்லை. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு சுவர் நீரும் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அப்போதுதான் தொடங்குகிறது. அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாயிராது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம். ஆரத் திசையில் அதில் ஏறத்தாழப் பாதி. பலகை கோணுவதும் வெடிப்பதும் இதனால்தான். நன்கு உலர்ந்த வால்நட் பிறகு அதிகம் அசைவதில்லை. அதிர்ச்சியையும் தாங்கும், அதிக எடையும் இல்லை. கட்டை கோணினால் துப்பாக்கியின் குறி தவறும் அல்லவா?

தேவை மிகுந்தது, மரம் குறைந்தது. கருங்கோடுகள் ஓடும் பழுப்பு மரங்களை வணிகர்கள் உலகெங்கும் தேடி, கிடைத்தவற்றுக்கெல்லாம் வால்நட் என்று பெயர் சூட்டினர். 'ஆப்பிரிக்க வால்நட்', 'குவீன்ஸ்லாந்து வால்நட்' எல்லாம் இப்படிப் பிறந்தவையே. அந்தமானில் பர்மியப் பெயரால் 'கொக்கோ' எனப்பட்ட வாகையும் இவ்வரிசையில் சேர்ந்தது. போர்ட் பிளேரை அடுத்த சாத்தம் தீவில் 1883-இல் மர அறுவை ஆலை தொடங்கப்பட்டிருந்தது. 1906-இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பியர்சனும் பிரவுனும் இந்திய வணிக மரங்களைப் பற்றி இரு தொகுதிகளாக எழுதிய நூல் 1932-இல் வெளிவந்தது.

வாகை உண்மையிலேயே வால்நட்டுக்கு நிகரா? அடர்த்தியில் ஏறத்தாழ நிகர்தான். இரண்டும் கன மீட்டருக்கு 600 கிலோகிராமை ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கும். வைரத்தின் நிறமும் ஒத்தது. ஆனால் வாகையின் இழைகள் ஒன்றோடொன்று பின்னியவை. இழைப்புளிக்கு எளிதில் இணங்கா. அறுக்கும்போது எழும் தூள் தும்மலை உண்டாக்கும். வெளிர்நிற வெளிமரத்தைப் பூச்சி துளைக்கும். எனவே பெயர் பாதி உண்மை; பாதி வியாபாரம்.

நம் மக்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. உரசலையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டிய எண்ணெய்ச் செக்குக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அவர்கள் வாகையைத் தேர்ந்தெடுத்தார்கள். 'வாகை மரச்செக்கு' என்ற விளம்பரப் பலகையை இன்றும் காண்கிறோம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மறுநாள் நந்தனத்தில் சாலையோரம் ஒரு வாகை வேரோடு சாய்ந்து கிடந்தது. மாலைக்குள் அதை விறகாகத் துண்டு போட்டுவிட்டார்கள். ஒரு சிறு துண்டை எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தேன். மாணவர்கள் வாரந்தோறும் எடை போட்டார்கள். எடை குறைந்துகொண்டே வந்து, பல மாதங்களுக்குப் பின் ஓரிடத்தில் நின்றது. பிறகு இழைத்தோம். உள்ளே கரும்பழுப்பு வரிகள்! "சார், இதையா அடுப்பில் வைக்கிறார்கள்?" என்றான் ஒரு மாணவன்.

அவன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கடல் கடந்து வேறு பெயரில் விலை போன மரம், பிறந்த மண்ணில் விறகாகிறது. பெயரைக் கேட்டு மதிப்பிடுவதை விட்டு, ஒரு தராசும் சிறிது பொறுமையும் கொண்டு அளந்து பார்ப்போம். நம் தெரு மரங்களின் உண்மை மதிப்பு அப்போது நமக்குத் தெரியும்.