"எந்த வயசு வரைக்கும் கேக்கிறீங்க?": பள்ளிக்கூட மைதானத்தின் பழைய கணக்கு

ஒரு பாடத்துக்கான ஒப்படைக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கேள்விக்கொத்துத் தயாரித்தோம். தலைப்பு பெரிசு: மாணவர்களின் உடற்பயிற்சியும் விளையாட்டுப் பங்கேற்பும். மூன்றாவது கேள்வி மட்டும் சின்னது. "நீங்கள் விளையாட்டில் ஈடுபடுபவரா? ஆம் / இல்லை." எங்கட பெட்ச் பிள்ளை ஒருவர் பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நிமிர்ந்து, "எந்த வயசு வரைக்கும் கேக்கிறீங்க?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. அவர் தரம் 9 வரைக்கும் ஓடினவராம். இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர், 200 மீற்றர், அஞ்சல், எல்லாம். அதுக்குப் பிறகு ஓடவில்லை. யாரும் தடுத்த மாதிரியும் இல்லை, அடுத்த வருசம் பேர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இப்படியான ஒருவருக்கு எங்கட தாளில் போடுவதற்குப் பெட்டி இல்லை. அப்போதான் விளங்கியது, நாங்கள் கேள்வியையே பிழையாகக் கேட்டிருக்கிறோம் என்று. சரியாகக் கேட்க வேண்டுமென்றால் இந்த 'உடற்பயிற்சி' என்பது பள்ளிக்கூடத்துக்குள் எப்படி வந்தது என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. ஒப்படைக்கு அது தேவையில்லைதான். ஆனா அதில் இறங்கிவிட்டோம்.

கதை எங்கட கடற்கரையிலிருந்து மிகத் தூரத்தில் தொடங்குகிறது. 1813இல் சுவீடனில் பேர் ஹென்ரிக் லிங் என்பவர் ஸ்டொக்ஹோமில் ஓர் உடற்பயிற்சி நிறுவனம் ஆரம்பித்தார். கையை உயர்த்து, இடுப்பை வளை, ஒன்று, இரண்டு, மூன்று. கருவி தேவையில்லை, பெரிய மைதானமும் தேவையில்லை, ஒரு வகுப்பை வரிசையாக நிறுத்தினால் போதும். ஏழைப் பள்ளிக்கூடங்களுக்கு இது நன்றாகப் பொருந்தியது. இன்றைக்கும் எங்கட இல்ல விளையாட்டுப் போட்டியில், அணிநடை முடிந்ததும், சின்னப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு மைதானத்தில் நின்று செய்யும் உடற்பயிற்சிக் கண்காட்சியைப் பார்த்தால் லிங் ஐயாவுக்குத் தன் பேரப்பிள்ளைகளைக் கண்ட மாதிரி இருக்கும்.

பிரித்தானியாவுக்கு இது வந்த விதத்தில் ஒரு சங்கதி எங்களைப் பிடித்து நிறுத்தியது. லண்டன் பாடசாலைச் சபை 1881இல் மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்டர்பேர்க் என்ற சுவீடன் பெண்ணைப் பெண்பிள்ளைகளின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாக நியமித்தது. 1885இல் அவர் பெண்களுக்கென்றே ஒரு உடற்கல்விப் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அதாவது அந்த நாட்டில் உடற்கல்வியை முறையாகப் படித்து அதையே தொழிலாகச் செய்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் பெண்கள். அமெரிக்காவில் பிறந்த கூடைப்பந்தாட்டம் மாற்றம் பெற்று வலைப்பந்தாட்டமாக உருவாகியதிலும் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கட பக்கம் பெண்பிள்ளைகளுக்கு 'பொருத்தமான' விளையாட்டு என்று வலைப்பந்தை ஒதுக்கிக் கொடுப்பவர்கள், அதன் தாய்வீடு எது என்று ஒருக்கா வாசிக்கலாம்.

ஆனால் அரசாங்கம் விழித்தது பெண்களுக்காக இல்லை, யுத்தத்துக்காக. 1899இல் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியபோது, மன்செஸ்டரில் படைக்குச் சேர வந்த 11,000 பேரளவில் 8,000 பேர் உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். சாம்ராச்சியத்துக்குப் பயம் பிடித்தது. உடல் நலிவு பற்றி ஆராய ஒரு குழு, 1904இல் அதன் அறிக்கை, அதே வருசம் பாடசாலைகளுக்கு ஓர் உடற்பயிற்சிப் பாடத்திட்டம். (அந்த யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகளை 1900இலிருந்து தியத்தலாவையில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். எங்கட நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் அப்படியொரு தொடுப்பு.) பிள்ளைகளின் உடம்பை அளந்து, எண்ணி, சதவீதம் போடும் ஆராய்ச்சிப் பழக்கம் இந்தப் பயத்தோடுதான் பலம் பெற்றது. எங்கட கேள்விக்கொத்துக்கும் தூரத்து மூத்தவாப்பா அதுதான்.

இலங்கைக்கு இரண்டு சாமான் வந்திறங்கின. ஒன்று ட்ரில். 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் கடேற் படை தொடங்கிவிட்டது. மற்றது 'கேம்ஸ்', அதாவது கனவான்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டால் குணம் வளரும் என்ற ஆங்கில நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட், வடக்கின் பெருஞ்சமர், 1904இலிருந்து வருகிறது. இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். ட்ரில்லில் முழு வகுப்பும் நிற்க வேண்டும், ஆனா சந்தோசம் இல்லை. கேம்ஸில் சந்தோசம் உண்டு, ஆனா பதினொரு பேருக்குத்தான். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்பதுதான் எங்கட எண்ணம்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க முயன்றவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 1920இல் ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடும் அவர் போனார். விளையாட்டு மாஸ்டர் என்பவர் பழைய இராணுவக்காரர் இல்லை, உடற்கூறும் உளவியலும் படித்த ஆசிரியர் என்ற எண்ணம் தெற்காசியாவில் அங்கிருந்துதான் பரவியது. இலங்கையிலிருந்தும் போய்ப் படித்துத் திரும்பினார்கள். எங்கட பள்ளிக்கூடங்களில் 'பி.ரி. சேர்' என்று ஒருவர் கழுத்தில் விசிலோடு நடப்பதற்குப் பின்னால் அந்த வரலாறும் இருக்கிறது.

பிறகு வந்தது இலவசக் கல்வி. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் திட்டத்தில் 1940களில் 54 மத்திய கல்லூரிகள் எழுந்தன, 1945இல் கல்வி இலவசமானது. கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரு ஆய்வுகூடம், ஒரு நூலகம், ஒரு மைதானம். மைதானத்தை நாங்கள் கடைசியாக எழுதினாலும் அது சின்ன விசயம் இல்லை. 1948இல் டங்கன் வைற் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 செக்கனில் ஓடி வெள்ளி எடுத்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது 17. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார், ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. இவர்கள் பேர் சொல்லாத விளையாட்டுக் கட்டுரை எங்கட நாட்டில் இல்லை. ஆனா டங்கன் வைற்றுக்குப் பிறகு அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு, 2000இல் சுசந்திக்கா ஜயசிங்க சிட்னியில் ஓடும் வரைக்கும், 52 வருசம் காத்திருந்தோம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த நேரத்திலெல்லாம் எங்கட ஊர்ப் பக்கம் உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு வெளியே. சீனடி, சிலம்படி. இரவில் வளவுக்குள் மணல் பரத்தி, ஒரு வாத்தியாரிடம் இளந்தாரிகள் பழகுவார்கள். கலியாணம், சுன்னத்துக் கலியாண ஊர்வலங்களில் அதைக் காட்டுவார்கள். பொல்லடியும் அப்படித்தான். பாட்டு, தாளம், கால்வைப்பு, மூச்சு எல்லாம் சேர்ந்த பயிற்சி அது. இதை யாரும் 'உடற்கல்வி' என்று எண்ணவில்லை, கலை கலாசாரம் என்று விழா மேடையில் ஏற்றிவிட்டார்கள். எங்கட கேள்விக்கொத்தைத் திருப்பிப் பார்த்தோம்: கிரிக்கெட், உதைபந்து, கரப்பந்து, கபடி, எல்லே, வலைப்பந்து, தடகளம். சீனடி எங்கே? 'மற்றவை'க்குள். கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும்கூட அங்கேதான். வெள்ளைக்காரன் போட்ட பட்டியலை நாங்களும் அப்படியே பிரதி எடுத்திருக்கிறோம்.

யுத்த காலம் பற்றி நீட்டி எழுத எங்களுக்கு வயசில்லை, வீட்டில் கேட்டதுதான். பின்னேரம் மைதானத்தில் நிற்பதே பயம் என்றிருந்த வருசங்கள் இருந்தன. எங்கட தென்கிழக்குப் பல்கலைக்கழகமே அந்த நிலைமையின் பிள்ளை. 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மேயில் முழுப் பல்கலைக்கழகமாகி, பிறகு ஒலுவிலுக்குப் போனது. 2004 டிசம்பர் 26 வந்தது. அம்பாறைக் கரையில் பந்து விளையாடின மணல்தான் அன்றைக்குச் சனங்களைக் காவு கொண்டது. எங்களில் பலருக்கு அப்போது நினைவு தெரிந்தும் தெரியாத வயசு. ஆனாலும் கடலுக்குப் போகாதே என்ற உம்மாவின் சத்தத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இனி ஆராய்ச்சிப் பக்கம். இங்கே மூன்று ஆய்வுகள் எங்களுக்கு முக்கியமாகப் பட்டன. 1953இல் ஜெரமி மொரிஸ் லண்டன் இரட்டைத்தட்டு பஸ்காரர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சாரதிகளைவிட, படி ஏறி இறங்கும் கொண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவு. (கல்முனை - அக்கரைப்பற்று பஸ் கொண்டக்டர்மார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அவர்களுக்கு ஏறப் படியில்லை, தொங்கத்தான் இடம்.) அதே காலத்தில் அமெரிக்காவில் கிறவுஸ் என்ற மருத்துவரும் அவரது சகாவும் பிள்ளைகளுக்கு இலகுவான ஆறு தசைப் பரீட்சைகள் வைத்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஒன்றிலாவது தோற்றார்கள், ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஜனாதிபதி ஐசன்ஹவர் 1956இல் இதற்கென்று ஒரு சபையே அமைத்தார். மறுபடியும் அதே பயம்தான், இந்தத் தடவை அமெரிக்காவுக்கு.

மூன்றாவதுதான் எங்கட பெட்ச் பிள்ளையின் கேள்விக்குக் கிட்ட வருகிறது. 1978இல் ரால்ஃப் பஃபன்பார்கர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1916க்கும் 1950க்கும் இடையில் சேர்ந்த 16,936 பழைய மாணவர்களின் கணக்கை வெளியிட்டார். மாணவராக இருந்தபோது பல்கலைக்கழக அணியில் விளையாடினவர், பிறகு உடம்பை அசைக்காமல் விட்டால், அந்தப் பழைய விளையாட்டு அவரது இருதயத்தைக் காப்பாற்றவில்லை. படிக்கும்போது பந்தைத் தொடாதவர், பிறகு நடக்கவும் ஓடவும் பழகினால் அவருக்குப் பாதுகாப்பு இருந்தது. அலுமாரியில் இருக்கும் கிண்ணம் சுகம் தராது. இதை வாசித்ததும் எங்களில் ஒருவன், வலய மட்டம் வரைக்கும் ஓடினவன், ஒரு நாள் முழுக்க எங்களோடு சரியாகப் பேசவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இன்னும் கிட்ட. 146 நாடுகளின் 16 இலட்சம் மாணவர்களின் தரவு, 2016ஆம் ஆண்டு நிலைமை. 11 வயசுக்கும் 17 வயசுக்கும் இடைப்பட்டவர்களில் 81 வீதமானவர்கள் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் என்ற அளவைத் தொடவில்லை. பெண்பிள்ளைகள் 85 வீதம், ஆண்பிள்ளைகள் 78 வீதம். உண்மையைச் சொன்னால், இந்த இரண்டு எண்ணும் எங்கட திட்டத்தைக் குழப்பிவிட்டன. பெண்பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போகிறார்கள், ஆண்பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அதை நிரூபிப்போம் என்றுதான் நாங்கள் கிளம்பினோம். பார்த்தால் ஆண்பிள்ளைகளிலும் முக்கால்வாசிக்கு மேல் இல்லை! யோசித்துப் பார்த்தால் சரிதான். மைதானம் நிறைந்திருக்கிற மாதிரித் தெரிவது, அதே இருபது பேர் தினமும் வருவதால். மற்றவர்கள் மதிலில் இருந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். 1904இன் பதினொரு பேர் கணக்குத்தான்.

அதற்காகப் பெண்பிள்ளைகளின் கேள்வி இல்லாமல் போகாது. மதிலில் இருப்பவனுக்கு இறங்கி வர வழி உண்டு. அஸர் தொழுது மஃரிப் பாங்கு வரைக்கும் உள்ள நேரம் அவனுடையது. அதே நேரத்தில் அவன் தங்கச்சி டியூசனில் இருப்பாள், இல்லாவிட்டால் வீட்டில். 'மார்க்கம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகியோடு ஓட்டப்பந்தயம் ஓடிய ஹதீஸை அவர்களும் மத்ரஸாவில் ஓதியிருப்பார்கள். உலகமும் ஒன்றும் நேர்மையாக நடக்கவில்லை. 1928 அம்ஸ்ரடாமில் பெண்கள் 800 மீற்றர் ஓடி முடித்துக் களைத்ததைப் பெரிதாக்கி எழுதி, 1960 வரைக்கும் அந்த ஓட்டத்தையே ஒலிம்பிக்கில் இல்லாமல் ஆக்கினார்கள். 2011இல் தலையை மூடிய உடுப்புக்காக ஈரான் பெண்கள் அணியை ஒலிம்பிக் தகுதிகாண் உதைபந்தாட்டத்தில் ஆடவிடவில்லை. ஃபிஃபா 2014இலும், கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இலும்தான் அந்தத் தடையை முழுசாக எடுத்தன. ஒரு பக்கம் மூடாதே என்றார்கள், மற்றப் பக்கம் ஓடாதே என்றார்கள்.

இப்போது தரம் 6 தொடக்கம் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' ஒரு பாடம். சாதாரணதரத்துக்குத் தெரிவுப் பாடம். வலைப்பந்து மைதானத்தின் நீளம் எவ்வளவு, அஞ்சலில் கோல் மாற்றும் வலயம் எவ்வளவு என்று மனப்பாடம் செய்து ஏ எடுக்கலாம். எங்களில் ஒருவர் அப்படி எடுத்தவர். எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதவில்லை, ஆனா அங்கே அந்த வலயத்தைக் கோடு போட்டுக் காட்டவே ஒரு பாடவேளை கிடைக்கவில்லையாம், முழுக்க மீட்டல் வகுப்புத்தான்.

ஒப்படைக்கு இன்னும் ரெண்டு கிழமை இருந்ததால் மூன்றாவது கேள்வியை வெட்டிவிட்டு, "கடைசியாக எப்போது ஓடினீர்கள்? எங்கே?" என்று மாற்றி எழுதினோம். 'ஆம் / இல்லை'யைத் தூக்கிவிட்டு ரெண்டு வரி இடம் விட்டோம். ஒருவர் "பஸ்ஸுக்கு, நேற்று" என்று எழுதினார். அதே பெட்ச் பிள்ளையிடம் தாளைத் திரும்பவும் கொடுத்தோம். இந்தத் தடவை அவர் நிமிரவில்லை. ரெண்டு வரி காணாமல் தாளின் ஓரத்திலும் எழுதியிருந்தார்: தரம் 9, இல்ல விளையாட்டுப் போட்டி, 4x100 அஞ்சல், மூன்றாவது ஆள். கோல் கை மாறும்போது விழப் பார்த்ததாம், விழவில்லையாம்.