கட்டியங்காரன்

அரசனின் விருதுகளையும் குலப்பெருமையையும் உரக்கச் சொல்லி அவன் வருகையை அறிவிப்பது கட்டியம். கோயில் உற்சவங்களில் சுவாமிக்குக் கட்டியம் கூறும் வழக்கம் இன்றும் உண்டு. கூறுபவன் கட்டியக்காரன், தெருக்கூத்தில் அவனே கட்டியங்காரன். திரைக்குப் பின்னால் நிற்கும் துரியோதனனின் வரவை முதலில் அறிவிப்பவன் இவன். அதே வாயால் அரசனை யார், எந்த ஊர் என்று விசாரிக்கிறான், கேலி செய்கிறான். அடுத்த நொடி சேவகனாகிக் கைகட்டி நிற்கிறான். இந்தக் கேலி பின்னாளில் ஒட்டவைத்த நகைச்சுவை என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லின் பொருளிலேயே அதற்கு இடமிருக்கிறது. கிரீடம் கட்டிய கூத்தாடி அரசனாவது விருதுகளை ஒருவன் சொல்லும்போதுதான். சொல்பவனால் மாற்றிச் சொல்லவும் முடியும்.

சீவக சிந்தாமணியில் சச்சந்தனைக் கொன்று நாட்டைப் பறித்த அமைச்சன் பெயரும் கட்டியங்காரன்தானே, கூத்துப் பாத்திரம் அவன் வழி வந்ததோ என்று கேட்கலாம். அந்தப் பெயர் வடமொழிச் சீவகன் கதைகளில் வரும் காஷ்டாங்காரனின் தமிழ் வடிவம். கட்டியத்தோடு அதற்கு உறவில்லை. ஒலி ஒற்றுமை தற்செயல். கூத்தின் கட்டியங்காரன் வெறும் விதூஷகன் என்பாரும் உண்டு. சமஸ்கிருத நாடகத்தின் விதூஷகன் பெரும்பாலும் அரசனின் தோழன், கதைக்குள் வாழ்பவன். கட்டியங்காரனோ கதைக்கு வெளியே வந்து, பார்ப்பவர்களிடம் அவர்கள் ஊர் நடப்பையே பேசுகிறான். துரியோதனன் சபையில் நிற்கும்போதும் அவன் ஊர்க்காரன்தான். அரசனைக் கேள்வி கேட்கும் உரிமை அவனுக்கு அங்கிருந்தே வருகிறது.