கொல்லிமலைப் பழங்குடியினரின் நிருவாகப் பிரதிநிதித்துவம்

கொல்லிமலைப் பழங்குடியினரின் நிருவாகப் பிரதிநிதித்துவம் என்பது தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், அரசின் முடிவுகளில் தம் கருத்தைத் தெரிவிப்பதற்கு அமைந்துள்ள மன்றங்களையும் குழுக்களையும் குறிக்கும். மாநில அளவில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு, மாவட்ட அளவில் வன உரிமைக் குழுவும் வன்கொடுமைத் தடுப்புக் கண்காணிப்புக் குழுவும், மலையில் ஊராட்சி ஒன்றியமும் கிராம சபையும் இவற்றுள் முதன்மையானவை. சில குழுக்களின் உறுப்பினர்கள் நியமிக்கப்படுகின்றனர். சில அமைப்புகளுக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கிராம சபையில் மட்டும் மக்கள் யாவரும் நேரடி உறுப்பினர்களாக உள்ளனர்.

மலையும் மக்களும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மலைமேல் செல்லும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மலைமேலுள்ள செம்மேடு, கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். மாவட்டத் தலைமையிடமான நாமக்கல் சமவெளியில் உள்ளது. எனவே மாவட்ட அளவிலான எந்தக் கூட்டத்திற்கும் மலைவாழ் உறுப்பினர் மலையிறங்கியே செல்ல வேண்டும்.

இங்கு பெரும்பான்மையினராக வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுவோர். கேரளத்தின் மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் அல்லது மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் இப்பெயர் வழங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாக இவர்களிடையே வாய்மொழி மரபு உண்டு. தமிழ்நாட்டின் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம் இதுவே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொல்லிமலை ஒன்றியத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 40 ஆயிரம். இவர்களில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேற்பட்டோர் பழங்குடியினர். அதே கணக்கெடுப்பில் நாமக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 17 இலட்சத்திற்கும் மேல். தமிழ்நாட்டின் பழங்குடியினர் மொத்தம் 7,94,697 பேர். இது மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அதாவது மலையில் பெரும்பான்மையாக உள்ள இச்சமூகம் மாவட்டத்திலும் மாநிலத்திலும் மிகச் சிறுபான்மையாக உள்ளது. இம்மக்களின் பிரதிநிதித்துவச் சிக்கல்கள் பலவற்றிற்கும் இதுவே அடிப்படையாகும்.

நாடுகளும் ஊராட்சிகளும்

கொல்லிமலை மரபாகப் பல நாடுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் பல சிற்றூர்கள் அடங்கும். ஊர்க்கவுண்டர் உள்ளிட்ட மரபுவழித் தலைவர்கள் ஊர்ப் பூசல்களையும் திருவிழாக்களையும் நடத்திவந்தனர். தற்காலக் கிராம ஊராட்சிகள் இந்நாடுகளின் பெயர்களையே தாங்கியுள்ளன. ஒன்றியத்திலுள்ள 14 ஊராட்சிகள் வருமாறு:

* அரியூர்நாடு
* ஆலத்தூர்நாடு
* எடப்புளிநாடு
* குண்டனிநாடு
* குண்டூர்நாடு
* சித்தூர்நாடு
* சேலூர்நாடு
* திண்ணனூர்நாடு
* திருப்புளிநாடு
* தேவனூர்நாடு
* பெரக்கரைநாடு
* பைல்நாடு
* வளப்பூர்நாடு
* வாழவந்திநாடு

பெயர் நிலைத்தபோதும் அதிகாரம் மாறிவிட்டது. மரபுத் தலைவர்களுக்குச் சட்டப்படியான இடம் எந்தக் குழுவிலும் ஒதுக்கப்படவில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்படும் தலைவரும் உறுப்பினர்களுமே ஊராட்சியின் பேராளர்கள். அரசியலமைப்பின் 243டி உறுப்பின்படி பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

பழங்குடியினர் ஆலோசனைக் குழு

இந்திய அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, அட்டவணைப் பகுதிகள் உள்ள ஒவ்வொரு மாநிலத்திலும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட வேண்டும் என்கிறது. பழங்குடியினர் வாழ்ந்தும் அட்டவணைப் பகுதி இல்லாத மாநிலங்களிலும் குடியரசுத் தலைவர் பணித்தால் இதனை அமைக்கலாம். தமிழ்நாடும் மேற்கு வங்காளமும் இவ்வகையில் இக்குழுவைப் பெற்ற மாநிலங்களாகும். தலைமை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். சில மாநிலங்களில் முதலமைச்சரும் சிலவற்றில் துறை அமைச்சரும் தலைவராக உள்ளனர்.

உறுப்பினர்கள்

குழுவின் உறுப்பினர்கள் 20 பேருக்கு மிகக் கூடாது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர், இயன்றவரை, சட்டமன்றத்திலுள்ள பழங்குடியினப் பேராளர்களாக இருக்க வேண்டும். 20 பேர் கொண்ட குழுவில் இது 15 இடங்களாகும்.

தமிழ்நாட்டில் இக்கணக்கு பொருந்துவதில்லை. 234 தொகுதிகள் கொண்ட சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே. அவை ஏற்காடும் சேந்தமங்கலமும் ஆகும். கொல்லிமலை சேந்தமங்கலம் தொகுதியில் அடங்குகிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறைக்கு முன் உப்பிலியபுரமும் பழங்குடியினர் தொகுதியாக இருந்தது.

பேராளர்கள் போதாதவிடத்து எஞ்சிய இடங்களைப் பழங்குடியினரில் பிறரைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்று ஐந்தாம் அட்டவணையே கூறுகிறது. இதனால் தமிழ்நாட்டுக் குழுவில் பழங்குடியினருக்குரிய இடங்களில் பெரும்பாலானவை தேர்தலால் அன்றி நியமனத்தால் நிரப்பப்படுகின்றன. எந்த மலையிலிருந்து, எந்தச் சமூகத்திலிருந்து, யார் அழைக்கப்படுகிறார் என்பதை அரசே முடிவு செய்கிறது. 2011 கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் 36 சமூகங்கள் பழங்குடியினர் பட்டியலில் இருந்தன. இருபது இடங்களில் இவை யாவற்றுக்கும் இடமளித்தல் இயலாது.

பணி வரம்பு

பழங்குடியினரின் நலனும் முன்னேற்றமும் குறித்து ஆளுநர் கேட்கும் பொருள்களில் அறிவுரை வழங்குவதே குழுவின் கடமை. ஒரு பொருளைத் தானே எடுத்துக்கொண்டு அரசைக் கட்டுப்படுத்தும் முடிவை அது எடுக்க இயலாது.

ஒரு சூழலில் மட்டும் குழுவைக் கலந்தாலோசிப்பதை ஐந்தாம் அட்டவணை கட்டாயமாக்குகிறது. அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுத்தல், நில ஒதுக்கீடு, வட்டித் தொழில் ஆகியவை தொடர்பாக ஆளுநர் ஒழுங்குவிதிகள் பிறப்பிக்கலாம். குழுவைக் கலந்த பின்னரே அவற்றைப் பிறப்பிக்க இயலும். ஆனால் தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் எதுவும் இல்லை. எனவே குழு இருந்தும், அதன் கருத்தைக் கட்டாயம் கேட்கவேண்டிய சூழல் இங்கு எழுவதில்லை. 

இதே காரணத்தால், அட்டவணைப் பகுதிகளின் கிராம சபைகளுக்குச் சிறப்பு அதிகாரங்கள் வழங்கிய 1996ஆம் ஆண்டின் ஊராட்சிகள் விரிவாக்கச் சட்டமும் கொல்லிமலைக்குப் பொருந்தாது. ஒரு பகுதியை அட்டவணைப் பகுதியாக அறிவிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உரியது. பழங்குடியினர் மிகுதியாக வாழ்தல், பகுதியின் செறிவும் போதிய பரப்பும், தனி நிருவாக அலகாக அமைதல், பொருளாதாரப் பின்தங்கல் ஆகியவை இதற்கான அளவுகோல்கள். மக்கள்தொகை அளவுகோலையும், தனி ஒன்றியமாக இருப்பதால் நிருவாக அலகு என்னும் அளவுகோலையும் கொல்லிமலை நிறைவு செய்கிறது.

மாவட்ட அளவிலான குழுக்கள்

வன உரிமைக் குழுக்கள்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தில் பழங்குடியினரும் மரபுவழி வனவாழ்நரும் கொண்டுள்ள உரிமைகளை ஏற்பதற்கு மூன்று படிநிலைகளை ஏற்படுத்தியது.

* கிராம சபை: உரிமைக் கோரிக்கைகளைப் பெற்றுத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்குவது. இதன் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருப்பர். 2012 திருத்தத்தின்படி இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும்.
* கோட்ட அளவிலான குழு: கிராம சபைத் தீர்மானங்களை ஆராய்வது. அலுவலர்களுடன் ஊராட்சி உறுப்பினர் மூவர் இடம்பெறுவர். அவர்களில் குறைந்தது இருவர் பழங்குடியினர்.
* மாவட்ட அளவிலான குழு: மாவட்ட ஆட்சியர் தலைமையில் இறுதி முடிவு எடுப்பது. இதிலும் மாவட்ட ஊராட்சி உறுப்பினர் மூவரில் குறைந்தது இருவர் பழங்குடியினராக இருக்க வேண்டும்.

ஆலோசனைக் குழுவிலிருந்து இவை ஒரு முக்கியக் கூறில் வேறுபடுகின்றன. மாவட்டக் குழுவின் முடிவு அறிவுரையன்று. அது சட்டப்படி இறுதியானது, கட்டுப்படுத்துவது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைச் சான்றுகள் வழங்குவது நீண்டகாலம் தடைப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2016இல் இத்தடையை நீக்கியது.

வன்கொடுமைத் தடுப்புக் கண்காணிப்புக் குழு

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கான 1995 விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு செயல்பட வேண்டும். இது மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அலுவலர், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுடன், பட்டியல் சாதியினர், பழங்குடியினரிலிருந்து ஐவருக்கு மிகாத அலுவல்சாரா உறுப்பினர்கள் நியமிக்கப்படுவர். இந்த ஐந்து இடங்கள் இரு பிரிவினருக்கும் பொதுவானவை. பழங்குடியினருக்கெனத் தனியே வரையறுக்கப்படவில்லை. பழங்குடியினர் குறைவாக உள்ள மாவட்டங்களில் இது கருதத்தக்கது.

கிராம சபை

ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் இது கூட்டப்பட்டு வந்தது. பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டன.

குறைவெண் வரம்பில் இரு சட்டங்களும் வேறுபடுகின்றன. ஊராட்சி விதிகளின்படி 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை கொண்ட ஊராட்சியில் 100 பேர் வந்தால் போதும். வன உரிமை விதிகளின்படியோ சபை உறுப்பினரில் பாதிப்பேர் வர வேண்டும். வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் கொல்லிமலையில் பாதிப்பேரை ஓரிடத்தில் கூட்டுவது எளிதன்று. எனினும் எடுக்கும் முடிவில் ஊராரின் பங்கை உறுதி செய்வது இவ்விதியே.

சிக்கல்கள்

தேர்தல் இடைவெளி. வன உரிமைக் குழுக்களின் அலுவல்சாரா உறுப்பினர்கள் ஊராட்சி அமைப்புகளிலிருந்து வருவதால், உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகும்போது அவ்விடங்களை நிரப்ப வழியில்லாமல் போகிறது, அலுவலர்களே எஞ்சுகின்றனர். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தபின், நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 திசம்பரில்தான் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் நாளுடன் முடிவடைய, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

மாவட்டம் சார்ந்த பட்டியல். மலையாளிச் சமூகம் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டுமே பழங்குடியாகப் பட்டியலிடப்பட்டது. நாமக்கல் மாவட்டம் 1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதால் கொல்லிமலை மக்கள் பட்டியலில் தொடர்கின்றனர். பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் அதே சமூகத்தினருக்கு இத்தகுதி கிடைக்கவில்லை. பட்டியலை மாற்ற நாடாளுமன்றச் சட்டம் தேவை. ஆலோசனைக் குழு பரிந்துரைக்க மட்டுமே இயலும்.

அறிவுரையின் வலு. குழுவின் கருத்தை ஏற்காதபோது அரசு காரணம் கூற வேண்டும் என்று ஐந்தாம் அட்டவணையில் விதி இல்லை. நடுவண் அரசு அமைத்து 2014இல் அறிக்கை அளித்த விர்சினியசு சாக்சா தலைமையிலான குழு, ஆலோசனைக் குழுக்களுக்குக் கூடுதல் அதிகாரமும் பொறுப்பும் வழங்கப்பட வேண்டும் என்று கருதியது.

பிற நாடுகளில்

சிறுபான்மைச் சமூகங்களுக்கான ஆலோசனை அமைப்புகள் பல நாடுகளில் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் புளோரிடாவின் மயாமி-டேடு கவுண்டியில் இசுப்பானிய வழியினருக்கான ஆலோசனை வாரியம் உண்டு. அங்கு இசுப்பானிய வழியினர் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர். எனவே கவுண்டி ஆட்சி மன்றத்திற்கே தம்மவரைத் தேர்ந்தெடுக்க இயல்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை மக்களுக்கு அத்தகைய எண்ணிக்கை வலு இல்லை.

நோர்வேயில் சாமி மக்கள் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சாமி நாடாளுமன்றம் 1989 முதல் இயங்குகிறது. ஆத்திரேலியாவில் முதற்குடி மக்களுக்கான ஆலோசனை அமைப்பை அரசியலமைப்பில் சேர்க்கும் முன்மொழிவு 2023 அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில் தோல்வியுற்றது. இந்தியாவிலேயே, ஆறாம் அட்டவணையின்கீழ் வரும் வடகிழக்கு மாநிலப் பகுதிகளில், தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் நிலம், காடு முதலியவை பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் பெற்றுள்ளன.

இவற்றையும் பார்க்க

* கொல்லிமலை
* மலையாளி (பழங்குடி)
* சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி
* ஐந்தாம் அட்டவணை
* வன உரிமைச் சட்டம், 2006
* கிராம சபை