'ஜா' போட்டால் போதும்

"ஐ கோ நேற்று, ஷீ கோ நேற்று" என்று வென்ட், கோஸ் எல்லாத்தையும் தூக்கிவிட்டு விளையாட்டாக இங்கிலீஷ் கதைப்போம். எங்கட திருகோணமலையில் போர்த்துக்கேய மொழிக்கு இது நிஜமாகவே நடந்தது. 1639இல் கோட்டை ஒல்லாந்தரிடம் போனது. மொழி பறங்கியர் வீடுகளில் தங்கிவிட்டது. நான், நீ, அவன் என்று ஆளுக்காள் மாறிய வினைவிகுதிகள் அங்கே உதிர்ந்தன. வினைக்கு முன்னால் 'ஜா' வந்தால் இறந்தகாலம், 'லோ' வந்தால் எதிர்காலம், அவ்வளவுதான்.

உதிர்ந்தது மட்டுமில்லை. பெயருக்கு முன்னால் நின்ற 'பாரா', 'பா' ஆகி, நம்ம 'க்கு' மாதிரிப் பின்னால் ஒட்டிக்கொண்டது. வினை வசனத்தின் கடைசிக்குப் போனது. இதையா 'உடைந்த போர்த்துக்கேயம்' என்கிறார்கள்? தமிழிடம் படித்த போர்த்துக்கேயம் என்பேன். பாலையூற்றில் இன்னும் சிலர் கதைக்கிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள்.