கொடையும் காப்பீடும்: தென்னிந்தியாவில் ஏழைக் குழந்தைகளுக்கான இதய அறுவை மருத்துவம்

முன்னுரை

பிறவி இதயக் குறைபாடு செல்வர், வறியர் என வேறுபாடு பார்ப்பதில்லை. உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 8 அல்லது 9 குழந்தைகளிடம் அது காணப்படுகிறது. ஆயினும் அக்குழந்தைகள் பிழைப்பது நெடுங்காலம் பெற்றோரின் வருவாயையே சார்ந்திருந்தது. இந்நிலையை மாற்றத் தென்னிந்தியாவில் கொடை, உள்நாட்டு உற்பத்தி, அரசுக் காப்பீடு என மூன்று வழிகள் கையாளப்பட்டன. இம்மூன்றும் பெரும்பாலும் சிகிச்சைச் செலவு குறித்த வினாவுக்கே விடை தேடின. நோயுற்ற குழந்தையை உரிய காலத்தில் கண்டறிவது யார் என்னும் வினா பிற்காலத்திலேயே முதன்மை பெற்றது. இவ்வரலாற்று நகர்வை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறுவை மருத்துவத்தின் தோற்றம்

1938ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்னும் மருத்துவர், பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய இரத்தக் குழாய் மூடாதிருந்த 7 வயதுச் சிறுமிக்கு அக்குழாயைக் கட்டி அடைத்தார். 1944இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடல் நீலம் பாரித்த குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளாலாக் அறுவை செய்தார். அதற்கான கருத்தை ஹெலன் டாசிக் முன்வைக்க, செய்முறையை விவியன் தாமஸ் ஆய்வகத்தில் உருவாக்கியிருந்தார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1951இல் திறக்கப்பட்ட இதய மருத்துவமனை, வெரைட்டி கிளப் என்னும் அமைப்பு திரட்டிய நன்கொடையால் எழுந்தது. இத்துறை தொடக்கக் காலத்திலேயே கொடையோடு பிணைந்திருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

இந்தியாவில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இத்துறைக்கு வித்திட்டது. ரீவ் பெட்ஸ் 1949இல் அங்கு மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் என். கோபிநாத் அங்கேயே திறந்த இதய அறுவையை மேற்கொண்டார். இவ்வறுவைக்கு இதய-நுரையீரல் இயந்திரம், இரத்தம், தீவிர சிகிச்சைப் பிரிவு, பயிற்சி பெற்ற குழு ஆகிய அனைத்தும் ஒருங்கே தேவை. எனவே மருத்துவம் சாத்தியமான பின்னரும் செலவு பெருந்தடையாகவே நின்றது.

கொடை வழி

1991ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று ஆந்திர மாநிலம் புட்டபர்த்தியில் ஸ்ரீ சத்ய சாயி உயர்சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. இதய அறுவை உள்ளிட்ட சிகிச்சைகள் அங்குக் கட்டணமின்றி வழங்கப்பட்டன. 2001இல் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் அதன் இரண்டாம் மருத்துவமனை தொடங்கியது. அறுவைக்குக் கட்டணம் இல்லை என்பது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் மாற்றமாகும். எனினும் கொடை வழிக்கு ஓர் எல்லை உண்டு. வாயில் திறந்திருப்பினும் குழந்தையை அங்குக் கொண்டுசேர்ப்பது பெற்றோரின் பொறுப்பாகவே எஞ்சியது. பயணச் செலவும், உடனிருப்போர் இழக்கும் கூலியும் 'இலவசம்' என்னும் சொல்லுக்குள் அடங்குவதில்லை.

உள்நாட்டு உற்பத்தி

குழந்தைகளைத் தாக்கும் இதய நோய்கள் யாவும் பிறவியில் வருவன அல்ல. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதய அடைப்பிதழ்களைச் சிதைக்கிறது. நெருக்கடியான குடியிருப்பும் மருத்துவ வசதியின்மையும் இந்நோய்க்கு இடமளிக்கின்றன. இவ்வகையில் இது வறுமையின் நோயாகும். சிதைந்த அடைப்பிதழுக்கு மாற்றாகப் பொருத்தும் செயற்கை அடைப்பிதழ்கள் இறக்குமதி செய்யப்பட்டதால் விலை மிகுந்திருந்தன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையிலான குழு, முந்தைய வடிவங்கள் தோல்வியுற்றபோதும் தளராது உழைத்து உள்நாட்டு அடைப்பிதழை உருவாக்கியது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதனை உற்பத்தி செய்தது. கொடையாளரின் கருணையை எதிர்பாராமல் விலையையே குறைத்தது இவ்வழியின் தனித்தன்மையாகும். ஆயினும் உலோக அடைப்பிதழ் பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுதும் இரத்தம் உறையாமைக்கான மருந்தும் பரிசோதனையும் பெறவேண்டும். அறுவையோடு செலவு முடிந்துவிடுவதில்லை.

அரசுக் காப்பீடு

2007 ஏப்ரலில் ஆந்திராவில் ஆரோக்கியஸ்ரீ திட்டம் மூன்று மாவட்டங்களில் தொடங்கியது. தமிழகத்தில் 2008இல் இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, ஆண்டு வருமானம் ரூ.72,000க்குக் குறைவான குடும்பங்களுக்கு ரூ.1 லட்சம் வரை சிகிச்சைக்கு வழிசெய்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. ஆட்சி மாறியும் காப்பீடு என்னும் கொள்கை தொடர்ந்தது குறிப்பிடத்தக்கது. முன்பு மனு எழுதி உதவி வேண்டிய பெற்றோர் இப்போது அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெறலாயினர். இரத்தல் உரிமையாக மாறத் தொடங்கியது இங்கேதான். அதே வேளையில் பொதுப்பணத்தின் ஒரு பகுதி தனியார் மருத்துவமனைகளுக்குச் செல்வது குறித்த விவாதமும் எழுந்தது.

கண்டறிதல் என்னும் சிக்கல்

இதய அறுவையில் காலம் இன்றியமையாதது. இதயத்திலிருந்து வெளிவரும் பெருங்குழாய்கள் இடம்மாறிப் பிறக்கும் குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே அறுவை தேவைப்படும். கீழறைகளுக்கிடையே பெரிய துளையுள்ள குழந்தைக்கு உரிய காலத்தில் அறுவை செய்யாவிடின் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுகிவிடும். அதன்பின் துளையை மூடுவதே தீங்காகும். பள்ளி மருத்துவ ஆய்வுகள் பல குழந்தைகளை அடையாளம் காட்டின என்பது உண்மை. ஆனால் பள்ளிக்கு வந்துசேரும் வயதுவரை உயிர்வாழாத குழந்தையைப் பள்ளி ஆய்வு காண இயலாது.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாக 2013 பிப்ரவரியில் நடுவண் அரசின் தேசியச் சிறார் நலத்திட்டம் அறிமுகமானது. பிறந்த குழந்தை முதல் 18 வயதினர் வரை அதில் அடங்குவர். நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு மட்டுமன்றி அங்கன்வாடிகளுக்கும் சென்றன. 2017இல் கேரளம் தொடங்கிய ஹிருத்யம் திட்டம், குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தையை இணையவழியில் பதிவுசெய்து, நோயின் அவசரத்திற்கேற்ப அறுவைக்கு அனுப்பும் முறையை வகுத்தது. குழந்தை மருத்துவமனையைத் தேடிச்சென்ற நிலை மாறி, மருத்துவ அமைப்பு குழந்தையைத் தேடிவரும் நிலை உருவாகலாயிற்று.

முடிவுரை

கொடை செலவை நீக்கியது. உள்நாட்டு உற்பத்தி விலையைக் குறைத்தது. காப்பீடு உதவியை உரிமையாக்க முயன்றது. இவற்றுள் ஒன்று மற்றொன்றை முற்றிலும் அகற்றவில்லை. மூன்றும் இன்றும் அருகருகே இயங்குகின்றன. எனினும் காலந்தாழ்ந்து கிட்டும் இலவச அறுவை சில குழந்தைகளுக்கு அறுவையே கிட்டாததற்கு ஒப்பாகும். ஆகவே ஏழைக் குழந்தைகளுக்கான இதய மருத்துவ வரலாற்றை எழுதுங்கால், அறுவைகளின் எண்ணிக்கையோடு, குழந்தை எந்த வயதில் கண்டறியப்பட்டது என்பதையும் அளவுகோலாகக் கொள்வது பொருத்தமாகும்.